நீரில் வீணாகாத சாயம்

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயமேற்றும் தொழிலாளிக்கும், தூர தேசத்து ஆராய்ச்சிசாலையில் உயிரணுவின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் சாஸ்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இருவரும் செய்வது ஒரே வேலை என்பதே நமது பதில். பல பொருள்கள் கலந்து கிடக்கும் நீரில் ஒரு வர்ணத்தை விட்டு, அது சேர வேண்டிய பொருளோடு மாத்திரம் சேர்ந்து நிற்கும்படி செய்வதே அந்த வேலை. அதில் ஆராய்ச்சிசாலைக்காரர் வியக்கத்தக்க வெற்றியடைந்திருக்கிறார். பட்டறைக்காரர் பாதி வழியில் நிற்கிறார். அந்த மீதி வழியின் பாரத்தை நொய்யல் நதி பல ஆண்டுகள் சுமந்தது. ஆகவே இந்த ஒப்புமையை நாம் வேடிக்கைக்காக எடுத்துக் கூறவில்லை. திருப்பூரின் எதிர்காலமே இதில் அடங்கியிருக்கிறது என்று கருதுவதாலேயே இதைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

மனித சரீரம் கோடானுகோடி உயிரணுக்களாலானது. அவற்றில் பெரும்பாலானவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். இத்தகைய உயிரணுவைச் சாதாரண மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், கண்ணாடியின் மீது நீர்த்துளி கிடப்பதுபோல் ஒரு மங்கலான உருவம் தெரியுமே அன்றி, உள்ளே நடக்கும் காரியம் ஒன்றும் விளங்காது. உயிரணுவில் பெரும்பகுதி நீர். உள்ளிருக்கும் புரதம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிறமே கிடையாது. நிறமற்றதைக் காண வேண்டுமாயின் நிறமேற்றியே தீர வேண்டும். இங்கேதான் சாயத்தொழில் சாஸ்திரத்துக்குக் கை கொடுத்தது.

1856ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது வாலிபர், மலேரியா ஜுரத்துக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கொயினா கிடைக்கவில்லை, நிலக்கரித் தாரிலிருந்து ஓர் அழகிய ஊதாச் சாயம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் தார்ச்சாயத் தொழிற்சாலைகள் பெருகின. 1876ல் ஜெர்மனியில் பருத்திக்கென்று செய்யப்பட்ட மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை, பால் எர்லிக் என்னும் வைத்தியர் ஜீவனுள்ள பிராணிகளின் உடலில் செலுத்திப் பார்த்தார். அது நரம்புகளைத் தேடிச் சென்று அவற்றை நீலமாக்கியது. ஒரு சாயம் சரீரத்திலுள்ள ஒன்றைத் தேர்ந்து பற்றுமானால், நோய்க்கிருமியை மாத்திரம் தேர்ந்து பற்றும் மருந்து ஏன் இருக்கக்கூடாது என்று அவர் யோசித்தார். 1891ல் அதே நீலச் சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனும் கண்டார். நவீன மருந்து சாஸ்திரத்தின் மூலக் கருத்துகளுள் ஒன்று சாயத்தொட்டியிலிருந்து பிறந்தது என்றால் மிகையாகாது.

1882ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகத்துக்குக் காட்டியதும் சாயத்தின் துணையால்தான். இன்றும் நம் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காசநோயைக் கண்டறிபவர், பூக்‌ஷின் என்னும் சிவப்புச் சாயத்தையோ ஆரமைன் என்னும் மஞ்சள் சாயத்தையோ கையாளுகிறார். இரண்டும் துணிச் சாயங்களாகத் தொடங்கியவையே. கண் ஆஸ்பத்திரியில் கைநரம்பில் ஊசி போட்டு, விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பதை நேயர்களில் சிலர் அனுபவத்தில் அறிந்திருக்கலாம். அந்த ஊசியில் இருப்பது 1871ல் அடால்ப் வான் பேயர் செய்த புளோரசீன் என்னும் சாயம். நீல ஒளி பட்டால் பச்சை ஒளியை வீசுவது அதன் குணம். இவ்வாறு தானே ஒளிரும் சாயம் கிடைத்த பிறகு, இருட்டில் அகல் விளக்கு தெரிவதுபோல், மிகச் சிறிய அளவும் மைக்ராஸ்கோப்பில் தெரியலாயிற்று.

ஆயினும் பழைய சாயங்களுக்கு ஒரு குறை உண்டு. அவை நார்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு கிடப்பவை. இறுகக் கட்டுண்டவை அல்ல. சலவை செய்யச் செய்ய நிறம் போய்விடும். இந்தக் குறையை நீக்கியவர்கள் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியைச் சேர்ந்த ராட்டீ, ஸ்டீபன் என்னும் இரு ரசாயன சாஸ்திரிகள். அவர்கள் வர்ணத்தின் முனையில் ஒரு ரசாயனக் கொக்கியை மாட்டினர். சோடாவின் காரத்தில் அந்தக் கொக்கி பஞ்சு நாரைப் பிடித்து, ரசாயனப் பிணைப்பினால் அதோடு ஒன்றாகிவிடுகிறது. 1956ல் விற்பனைக்கு வந்த இந்த ரியாக்டிவ் சாய வகையே இன்று திருப்பூர்ப் பருத்தி பனியன்களுக்குப் பெரும்பாலும் ஏற்றப்படுகிறது.

சாஸ்திர உலகமும் இதே கொக்கி வழியைத்தான் பின்பற்றியது. உண்மையைச் சொன்னால், அது சிறிது முந்திக்கொண்டது. 1942ல் அமெரிக்க வைத்தியர் ஆல்பர்ட் கூன்ஸ், புளோரசீன் சாயத்துக்கு ஒரு கொக்கி வைத்து, நிமோனியாக் கிருமியைப் பற்றும் எதிர்ப்புப் புரதத்தோடு பிணைத்தார். அந்தப் புரதம் தசையில் ஒளிந்திருந்த கிருமிப் பொருளைத் தேடிப் பிடித்தது. சாயம் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. பின்னர் 1976ல், பருத்திச் சாயத்துக்கென்று ஐ.சி.ஐ. கண்ட அதே குளோரோ டிரையசின் கொக்கியைப் புளோரசீனில் மாட்டிப் புரதங்களுக்கு நிறமேற்றும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. திருப்பூர்த் தொட்டியில் பஞ்சைப் பிடிக்கும் கொக்கியும், ஆராய்ச்சிசாலையில் புரதத்தைப் பிடிக்கும் கொக்கியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இனித்தான் விஷயத்தின் கடினமான பாகம் வருகிறது. வெளியில் எடுத்துச் சுத்தம் செய்த புரதத்துக்கு நிறமேற்றுவது எளிது. ஜீவனோடிருக்கும் உயிரணுவுக்குள் ஒரு பொருளுக்கு மாத்திரம் நிறமேற்றுவது எப்படி? அங்கே ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் கொக்கி பிடிக்கக்கூடிய முனைகள் உண்டு. சுற்றிலும் நீர். கொதிக்க வைக்கக் கூடாது, காரம் சேர்க்கக் கூடாது, விஷம் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் உயிரணு மடியும். மடிந்த உயிரணு ஜீவ ரகசியத்தைச் சொல்லாது.

இதற்கு முதல் வழியை இயற்கையே காட்டியது. கடலில் வாழும் ஜெல்லி மீன் ஒன்றின் உடலில் பச்சை ஒளி வீசும் புரதம் இருப்பதை 1962ல் ஒசாமு ஷிமோமுரா கண்டார். அதன் மரபுக் குறிப்பை வேறு பிராணியின் உயிரணுவில் புகுத்தினால், அந்த உயிரணு தானே அந்த ஒளிப் புரதத்தைச் செய்துகொள்கிறது. இந்த வழியை வளர்த்த மார்ட்டின் சால்பி, ராஜர் சியென் என்பவர்களும் ஷிமோமுராவும் 2008ல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இவ்வழி புரதங்களுக்கே நேராகப் பயன்படும். உயிரணுவின் மேற்பரப்பைப் போர்வைபோல் மூடியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு இது உதவாது. அவை மரபுக் குறிப்பிலிருந்து நேரே வார்க்கப்படுபவை அல்ல. அந்தச் சர்க்கரைகளோ அற்பமானவை அல்ல. புற்றுநோய் உயிரணுக்கள் பல, தம் மேல் சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரையை அதிகமாகப் போர்த்திக்கொண்டு, உடலின் காவற்படையை ஏமாற்றுகின்றன. அந்தப் போர்வையைக் காணாமல் அந்தத் தந்திரத்தை அறிய முடியாது.

அமெரிக்காவில் கரோலின் பெர்டோஸி என்னும் அம்மையார் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் மிக நேர்த்தியானது. நேரே சாயத்தை அனுப்புவதை அவர் கைவிட்டார். முதலில், உயிரணு வழக்கமாக உண்ணும் சர்க்கரையில் அசைடு என்னும் மூன்று நைட்ரஜன் அணுக்களாலான ஒரு சிறு அடையாளத்தைப் பொருத்தி, அதை உயிரணுவுக்கு ஊட்டினார். உயிரணு அதை அந்நியமென்று அறியாமல் தன் போர்வையில் நெய்து கொண்டது. அசைடு ஜீவப் பொருள்களில் இல்லாதது. நீரோடும் புரதத்தோடும் வம்புக்குப் போகாதது. அதன் பின்னர், அசைடை மாத்திரம் பிடிக்கும் கொக்கியுடைய சாயத்தை அனுப்பினார். 2000ஆம் ஆண்டில் வெளியான அவருடைய முதல் முறை, 1919ல் ஸ்டாடிங்கர் என்பவர் கண்ட பழைய ரசாயன வினை ஒன்றைத் திருத்தியமைத்தது.

2001ல் பாரி ஷார்ப்லெஸ், இரண்டு பொருள்களைப் பூட்டும் திறவுகோலும்போல் தவறாமல் பொருத்தும் வினைகளுக்கு கிளிக் ரசாயனம் என்று பெயரிட்டார். 2002ல் அவரும் டென்மார்க்கின் மார்ட்டன் மெல்டாலும் தனித்தனியே, அசைடும் ஆல்கைன் என்னும் கரிப் பிணைப்பும் செம்பின் துணையால் விரைவில் கூடுவதைக் கண்டனர். செம்பு உயிரணுவுக்கு விஷம். ஆகவே பெர்டோஸி 2004ல், ஆல்கைனை எட்டுக் கரியணு வளையத்தில் வில்லைப்போல் வளைத்து வைத்தார். வளைந்த வில் தானே நிமிர விரும்புமன்றோ? அந்த இறுக்கத்தின் வேகத்தால் செம்பில்லாமலே வினை நடந்தது. 2008ல் ஜீவனோடு வளரும் வரிக்குதிரை மீன் குஞ்சில் சர்க்கரைகள் ஒளிர்வதை உலகம் கண்டது. மூவருக்கும் 2022ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளிரும் சாயமே இல்லாமல் பார்க்கும் வழி ஒன்றும் உண்டு; அதன் மூலம் நம் தமிழ் மண்ணில் பிறந்தவருடையது. திருச்சிராப்பள்ளியில் 1888ல் பிறந்த ஸர் சி. வி. ராமன், 1928ல் கல்கத்தாவில், ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுவதையும், அந்த மாற்றம் பொருளின் அணுப் பிணைப்புகளுடைய துடிப்பைக் காட்டுவதையும் கண்டு, 1930ல் நோபல் பரிசு பெற்றார். ஆல்கைன் பிணைப்பின் துடிப்பு, உயிரணுவின் சொந்தப் பொருள்களெல்லாம் மௌனமாயிருக்கும் இடத்தில் ஒலிக்கிறது. இதைப் பயன்படுத்தி 2011ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், ஆல்கைன் அடையாளமிட்ட மரபணுத் துண்டு ஒன்றை ஜீவனுள்ள உயிரணுவில் ராமன் ஒளியாலேயே படம் பிடித்தனர். நாற்பது அல்லது ஐம்பது அணுக்கள் கொண்ட பெரிய சாயத்தைச் சுமக்க வேண்டிய பொருள், இரண்டு கரியணுக்களை மாத்திரம் சுமந்தால் போதுமென்றாயிற்று.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இப்போது திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குள் நுழைவோம். ரியாக்டிவ் சாயத்தின் கொக்கிக்கு ஒரு பெரிய குறை உண்டு: அது பஞ்சையும் பிடிக்கும், நீரையும் பிடிக்கும். தொட்டியிலோ பஞ்சைவிட நீர் பல மடங்கு அதிகம். நீரைப் பிடித்த கொக்கி செத்த கொக்கி; அந்தச் சாயம் இனித் துணியில் பிணையாது. இதனால் சாதாரணச் சாயங்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்குதான் துணியில் நிலைக்கிறது. மீதியை வெந்நீரிலும் சோப்பிலும் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். அலசாவிட்டால் வாங்கியவர் வீட்டில் சாயம் போகும். இரட்டைக் கொக்கிச் சாயங்கள் வந்தபின் நிலைக்கும் பங்கு உயர்ந்திருக்கிறது, ஆயினும் முழுமையடையவில்லை. மேலும், பஞ்சும் சாயமும் நீரில் ஒரே வித மின்னேற்றம் உடையவையாதலால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தணிக்க லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பைக் கொட்டுவது வழக்கம். அந்த உப்பில் ஒரு துளியும் துணியோடு போவதில்லை; அத்தனையும் கழிவுநீரில் சேருகிறது.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தெளிந்து பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலுக்கு நேர்ந்த கதி இதுவே. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தொட்டியாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உவர்ந்தன. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. 2009ல் சுப்ரீம் கோர்ட்டும் கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டுமென்ற நியாயத்தை வற்புறுத்தியது. அப்படியும் நிலைமை திருந்தாமற்போகவே, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உத்தரவிட்டது. அப்போது வேலையிழந்தவர்கள் பட்ட கஷ்டத்தையும் நாம் மறக்கவில்லை. ஒரு பக்கம் பயிர் கருகிய விவசாயி. மறுபக்கம் அடுப்பு எரியாத தொழிலாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது தொட்டியில் செத்த கொக்கிதான்.

அதன் பின்னர் திருப்பூர் செய்த காரியம் பாராட்டத்தக்கது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேற்கொண்டன. நுண்ணிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி, நீரில் பெரும்பகுதியையும் உப்பில் ஒரு பகுதியையும் மீண்டும் பட்டறைக்கே அனுப்புகின்றனர். உலகத்தில் வேறு சாய நகரங்கள் பல இன்னும் துணியாத காரியம் இது. ஆயினும் இதற்கு ஆகும் மின்சாரமும் எரிபொருளும் கொஞ்சமல்ல. பிரிக்க முடியாத உப்புக் கலவையும் சாயச் சேறும் கிடங்குகளில் குவிகின்றன. சாயத்தை நீரில் வீணாக்கிவிட்டு, அந்த நீரிலிருந்து சாயத்தைப் பிரிக்க மறுபடியும் பணத்தைக் கொட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு, கீழே சிந்தியதை ஒற்றியெடுத்துப் பிழிந்து மீண்டும் குடத்தில் ஊற்றுவது போன்றதாகும். குடத்தின் ஓட்டையை அடைப்பதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

நீரைப் பொருட்படுத்தாமல், தனக்குரியதை மாத்திரம் பிடிக்கும் கொக்கி செய்ய முடியாது என்று இனி ஒருவரும் சொல்ல இயலாது. செய்து காட்டியாகிவிட்டது. உயிரணு ஆராய்ச்சியில் ஏன் அது செய்யப்பட்டது, துணிச் சாயத்தில் ஏன் செய்யப்படவில்லை என்று கேட்டால், விடை ரசாயனத்தில் மாத்திரம் இல்லை. சிந்திய சாயம் உயிரணுவுக்குள் கண்ணெதிரே தீங்கு செய்தது. ஆகவே சாஸ்திரி அதைச் சகிக்க முடியவில்லை. பட்டறையில் சிந்திய சாயம் பல மைல் தூரத்தில், யாரோ ஒருவருடைய கிணற்றில் தீங்கு செய்தது. அந்தத் தீங்கு நெடுங்காலம் பனியனின் விலையில் கணக்கிடப்படவில்லை. கணக்கில் வராத நஷ்டத்தைத் தவிர்க்க எவரும் புத்தியைச் செலவிடுவதில்லை. நீதிமன்றம் அந்த நஷ்டத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டது. இனியாவது புத்தி வேலை செய்ய வேண்டும்.

இதற்கு ஆட்சேபம் உண்டென்பதை அறிவோம். ஆராய்ச்சிசாலையில் மைக்ரோ கிராம் கணக்கில் பயன்படும் பொருளை, பட்டறையில் டன் கணக்கில் பயன்படுத்துவது எங்ஙனம்? எட்டு வளைய ஆல்கைனின் விலையில் பனியன் சாயமேற்றினால் அதை வாங்குபவர் யார்? நியாயமான கேள்விகள். பெர்டோஸியின் கொக்கியை அப்படியே தொட்டியில் போடும்படி நாம் சொல்லவில்லை. அவர் பின்பற்றிய யுக்தியைக் கைக்கொள்ளும்படியே சொல்லுகிறோம். சாயத்தைத் திருத்துவதோடு நில்லாமல், சாயம் சேர வேண்டிய பொருளையே முதலில் தயார்ப்படுத்துவது அந்த யுக்தி.

துணியுலகிலும் இதன் ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. பஞ்சு நாருக்கு முன்கூட்டியே எதிர் மின்னேற்றமுள்ள ஒரு ரசாயனப் பொருளைப் பிணைத்துவிட்டால், சாயத்தைத் தள்ளிய நாரே அதைத் தன்பால் இழுக்கிறது. உப்பு வேண்டுவதில்லை, அல்லது மிகக் குறைவாகப் போதும். வீணாகும் சாயமும் குறைகிறது. சாயம் ஒரே சீராக ஏறாமை, முன்தயாரிப்புக்கு ஆகும் செலவு, அந்த ரசாயனங்களைக் கையாளுவதிலுள்ள அபாயம் ஆகியவை இதன் தடைகள். இத்தடைகள் ஆராய்ச்சியால் நீங்கக்கூடியவையே, பிரார்த்தனையால் நீங்கமாட்டா.

அந்த ஆராய்ச்சியை யார் செய்வது? இங்கே பழைய சரித்திரம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஒரு காலத்தில் அவுரிச் சாயத்துக்கு உலகம் நம் தேசத்தை நம்பியிருந்தது. புளோரசீனைச் செய்த அதே பேயர் 1880ல் அவுரியைச் செயற்கையாகச் செய்தார். 1897ல் ஜெர்மானியக் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் நமது அவுரி வியாபாரம் சரிந்தது. நம்மிடம் நிலமும் உழைப்பும் அனுபவமும் இருந்தன. சாஸ்திரம் பிறரிடம் இருந்தது. சாஸ்திரமே வென்றது. நீரில் வீணாகாத பருத்திச் சாயத்தை நாளை வேறொரு தேசம் கண்டுபிடித்து, அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றுவிடுமானால், திருப்பூர் அதை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான். உயிரணுவுக்கு நிறமேற்றும் நுண்சாயங்கள் விஷயத்தில் இன்றைக்கே நமது ஆராய்ச்சிசாலைகள் பெரும்பாலும் பிறநாட்டுக் கம்பெனிகளின் குப்பிகளை எதிர்பார்த்திருக்கின்றன.

திருப்பூர் வட்டாரத்துக்கு வசதிகள் இல்லாமலில்லை. கோயமுத்தூரில் 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் நடைபெறுகிறது. சர்வகலாசாலையும் தொழிற்கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஏற்றுமதி வியாபாரிகளும் பட்டறை முதலாளிகளும் சுத்திகரிப்புக்காகச் செலவிடும் பெருந்தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, உயிரணு ரசாயனம் கற்றவரையும் துணிச் சாயம் அறிந்தவரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்க வேண்டும். சர்க்காரும் அதற்குச் சமமான தொகை அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. மலிவு விலைக்கு வாங்கி, சுத்தமான நதி வேண்டுமென்று உபதேசமும் செய்யும் மேல்நாட்டு வியாபாரிகளும் தங்கள் பங்கைச் செலுத்தட்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சாய மாஸ்டர்கள் பலர் கண்ணால் நிறத்தின் பக்குவத்தை அறியும் திறமைசாலிகள். அந்தத் திறமைக்கு ரசாயன அறிவும் துணை சேர்ந்தால், தொட்டியில் கொக்கி எப்போது நீரைப் பிடிக்கிறது, சூடும் காரமும் அதை எவ்வளவு மாற்றுகின்றன என்பதை அவர்களே கண்டு சொல்வார்கள். அவர்களுக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் இந்த சாஸ்திரத்தைத் தெளிந்த தமிழில், மாலை வகுப்புகள் மூலம் கற்பிப்பது அவசியம். தன் கையிலுள்ள பொருளின் குணத்தை அறியாதவன் கூலிக்காரனாக மாத்திரமே இருப்பான். அறிந்தவன் கண்டுபிடிப்பாளனாகவும் ஆகலாம்.

ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள உயிரணுவுக்குத் தீங்கு வராமல் நிறமேற்ற மனித புத்தியால் முடிந்திருக்கிறது. மலையிலிருந்து காவிரி வரை ஓடும் ஒரு நதிக்குத் தீங்கு வராமல் துணிக்கு நிறமேற்ற அதே புத்தியால் முடியாதா? முடியும் என்பது நமது திடமான அபிப்பிராயம். அதைத் திருப்பூரே செய்ய வேண்டும் என்பது நமது விருப்பம். இந்தக் குறையால் அதிகம் நஷ்டப்பட்ட ஊருக்கே இதைத் தீர்க்கும் அக்கறையும் அதிகம் இருக்க வேண்டும்.